கியர்பெட்டியும் புகைக்குழாயும்

கையால் வேலை செய்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சொல்லை வைத்துப் பிழைக்கிறவர்களிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. 1974இல் ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' வெளிவந்த பிறகு இந்த நம்பிக்கைக்கு ஒரு தத்துவ அந்தஸ்து கிடைத்தது. 2009இல் மாத்யூ க்ராஃபோர்ட் 'ஷாப் கிளாஸ் ஆஸ் ஸோல்கிராஃப்ட்' எழுதியபோது சமூக விமர்சனத்தின் பலமும் அதற்குச் சேர்ந்தது. க்ராஃபோர்ட் சிக்காகோவில் அரசியல் தத்துவம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஓர் ஆய்வு நிறுவனத்து உத்தியோகத்தை உதறிவிட்டு வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்தவர். இவர்கள் வழிவந்த பேச்சின் சாரம் இது: ஆபீஸில் ஒருவன் செய்த காரியம் நன்றா இல்லையா என்பதை மேலதிகாரியின் முகம் தீர்மானிக்கிறது. யந்திரத்தின்முன் அப்படியில்லை. இஞ்சின் கிளம்பும், அல்லது கிளம்பாது. அதனிடம் வாய்ச்சாதுர்யம் எடுபடாது. ஆகவே யந்திரத்தோடு பழகுகிறவன் தன் அகந்தையைக் கழற்றி வைக்கக் கற்கிறான். ஒழுக்கம் அங்கே தொடங்குகிறது.

இந்த வாதம் பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பாதி என்பதைப் பொதுவாகப் பேசிக் காட்டமுடியாது. உழைப்பு, கைத்திறன், யந்திரம் என்று பெரிய சொற்களில் ஆரம்பித்தால் பத்து வரிக்குள் எல்லாரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவோம். நம் வட்டத்தில் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் பலவற்றின் கதி அதுதான். ஆகவே ஒரு குறிப்பிட்ட காரின் அடிவயிற்றில் கிடக்கும் இரண்டு சாமான்களை எடுத்துக்கொள்கிறேன்: கியர்பெட்டி, புகைக்குழாய்.

கார், எம்ஜிபி. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962இலிருந்து 1980வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சிறிய கார். இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் இதை வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாங்களே பிரித்துப் பூட்டுகிறார்கள். உபாத்தியாயர்கள், கணக்கர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மெக்கானிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் மெக்கானிக்குக் கொடுக்கக்கூடிய பணத்தைவிட அதிகமான பணத்தை ஸ்பானருக்கும் கிரேனுக்கும் செலவழித்துவிட்டுச் செய்கிறவர்களே இங்கே எனக்கு வேண்டியவர்கள். அவசியம் இல்லாமல் செய்யப்படும் காரியத்தில்தான் நோக்கத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம்.

கார் ஓட்டத் தெரியாதவன் நான். எம்ஜிபியோடு என் பரிச்சயம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கைநூலிலிருந்து தொடங்கியது. ஜான் ஹேன்ஸ் 1966இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காருக்குப் போட்டு ஆரம்பித்த வரிசையைச் சேர்ந்தது. ஒரு காரை உண்மையிலேயே பிரித்து, பூட்டி, வழியெல்லாம் படமெடுத்து, அப்புறம் எழுதுவது என்பது அந்த வரிசையின் முறை. உரைநடை என்ற அளவிலேயே இந்நூல்கள் நம் கவனத்துக்கு உரியவை. விசேஷணம் கிடையாது. உணர்ச்சி கிடையாது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு விரலசைவுக்கு ஈடு. ஒரே ஓர் இடத்தில்தான் அந்த நடை கைவிட்டுவிடுகிறது. பிரிப்பதற்குப் பக்கம் பக்கமாகப் படிகள் சொல்லிவிட்டு, பூட்டுவது இதன் தலைகீழ் என்று ஒரே அடியில் முடித்துவிடுகிறார்கள். காலம் இரு திசையிலும் ஒன்றுபோல ஓடும் என்கிற பாவனை. கழற்றியபோது உடைந்த ஸ்டட் பூட்டும்போது உடையாமல் இருக்குமா என்று அந்த நூல் கேட்பதில்லை.

எம்ஜிபியின் கியர்பெட்டியைத் தனியாகக் கீழே இறக்கமுடியாது. இஞ்சினோடு சேர்த்து மேலே தூக்கித்தான் எடுக்கவேண்டும். ரேடியேட்டர், கார்புரேட்டர், மின்கம்பிகள், புகைக்குழாயின் மேல்மூட்டு, பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் அவிழ்த்தாகவேண்டும். அப்புறம் கிரேன். தொங்கும் இஞ்சின் சாய்ந்து, வால்பக்கம் தாழ்ந்து, முன்சட்டத்தில் இடிக்காமல் வெளியே வரவேண்டும். சில சனி ஞாயிறுகள் இதற்கே போய்விடும். இவ்வளவும் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கல வளையத்துக்காக.

அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பற்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது ஒன்றை மற்றதோடு கோக்க முயன்றால் பல்லோடு பல் நறநறக்கும். ஸிங்க்ரோமெஷ் என்கிற ஏற்பாடு 1928இல் காடிலாக் கார்களில் வரும்வரை, வேகங்களைச் சமப்படுத்துவது ஓட்டுகிறவனின் பொறுப்பு. கிளட்சை ஒருமுறை மிதித்து, விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்து, சத்தத்தைக் காதால் எடைபோட்டுக் கியரைத் தள்ளவேண்டும். வெண்கல வளையம் வந்தபிறகு இந்தச் செவிஞானம் தேவைப்படவில்லை. வளையத்தின் உட்புறம் கூம்புபோல் சரிந்திருக்கும். அதில் நுண்ணிய வரிகள் இருக்கும். அது பற்சக்கரத்தின் கூம்பில் உராய்ந்து, எண்ணெயை வழித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. பிறகுதான் பற்கள் கோத்துக்கொள்ள வழிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தன்னைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டுதான் இதைச் செய்கிறது. தேயத் தேய வளையம் கூம்பின்மேல் ஆழமாக இறங்கி உட்காரும். வளையத்தை விரலால் அழுத்திப் பிடித்து, அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தால் அதன் மிச்ச ஆயுள் தெரிந்துவிடும். எம்ஜிபியில் 1967வரை முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. மற்றவற்றில் பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் போகும். ஜனங்கள் இறங்குகியரில் அவசரப்படுகிறவர்கள்.

பெட்டியைத் திறந்தபிறகு நடப்பவற்றைப் பற்றிக் கொட்டகைக்காரர்களிடம் ஏராளமான நாட்டுப்பாடல் உண்டு. செலெக்டர் தண்டை இழுத்ததும் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருந்த சிறு இரும்புக் குண்டு, பின்னாலிருக்கும் ஸ்பிரிங் தள்ள, கொட்டகையின் இருட்டு மூலைக்குப் பறந்துவிடும். முழங்காலில் தவழ்ந்து தேடவேண்டும். லேஷாஃப்டைச் சுற்றியுள்ள ஊசிபோன்ற உருளைகளைக் கிரீஸில் ஒட்டிவைத்துத்தான் தண்டை நுழைக்கமுடியும். ஒன்று நழுவினாலும் மறுபடி முதலிலிருந்து. இவை வேடிக்கை. வேடிக்கை முடிந்தபிறகு வருவது ஒரு சின்ன, அசிங்கமான தருணம். அளந்து பார்த்த வளையம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதைப் போடலாமா, புதிது வரவழைக்கலாமா? நட்டு சுழன்றுவிடாமல் மடக்கிப் பூட்டும் வாஷர் ஒருமுறை மடங்கியது; இன்னொருமுறை மடக்கினால் நிற்கும்போலத்தான் இருக்கிறது. அதன் விலை அற்பம். ஆனால் கடை திங்கட்கிழமைதான் திறக்கும், கிரேனோ வாடகைக்கிரேன்.

இதைத்தான் தத்துவப் பிரச்னை என்கிறேன். பெட்டியை மூடிவிட்டால் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. பழைய வாஷரைப் போட்டவன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. காரை விற்றால் வாங்குகிறவன் கண்டுபிடிக்கமாட்டான். பழைய வாஷர் பல ஆயிரம் மைல் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். யந்திரம் பொய்யை உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்று பிர்ஸிக்கின் சீடர்கள் சொல்வது இங்கே பொருந்தவில்லை. இஞ்சின் கிளம்புமா கிளம்பாதா என்கிற பரீட்சையின் விடை அன்றைக்கே தெரிந்துவிடும். கியர்பெட்டி அப்படியல்ல. அது வருஷக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டுப் பிறகுதான் வாய் திறக்கும்; சில சமயம் பொய் சொன்னவன் செத்தபிறகு.

அப்படியும் புது வாஷருக்காகத் திங்கட்கிழமைவரை காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்டால் சரியாகப் பதில் வராது. பாதுகாப்பு என்பார்கள், மறுபடி கழற்ற முடியாது என்பார்கள். உண்மையில் அது ஒருவகையான வெட்கம். ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளிவந்த 'நன்மையின் இறைமை' நூலில் ஓர் அந்நிய பாஷையைக் கற்பதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். அந்த பாஷை என் சௌகரியத்துக்காக வளைந்து கொடுக்காது. அதன் அமைப்புக்கு நான்தான் கீழ்ப்படியவேண்டும். அந்தக் கீழ்ப்படிதலில் என்னைத் தவிர வேறொன்று உண்மையிலேயே இருக்கிறது என்று எனக்கு உறைக்கிறது. க்ராஃபோர்டும் மர்டாக்கைத்தான் துணைக்கு அழைக்கிறார். கியர்பெட்டியின் விஷயத்தில் இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியதில்லை. யாரும் பார்க்காத இடத்தில், கூலி இல்லாமல், ஒரு வளையத்தின் தேய்மானத்துக்கு மரியாதை தருகிறவனிடம் ஏதோ சரியாக இருக்கிறது. ஒரு கவிதையில் யாரும் கவனிக்கப்போகாத சொல்லைப் பதினோராவது தடவையும் மாற்றிப் பார்க்கிறவனை நமக்குத் தெரியும். இருநூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகையில் அந்தச் சொல் எப்படி இருந்தால் என்ன என்று கேட்கிறவனையும் நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் க்ராஃபோர்டின் நேர்மையைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ஒரு பழைய ஹோண்டா மாக்னாவைப் பழுதுபார்க்கும்போது கிளட்ச் பக்கத்து எண்ணெய்ச் சீல் ஒன்றைக் குடைந்துகொண்டே போன கதையை அவர் எழுதியிருக்கிறார். குடையக் குடைய அது வண்டிக்காரனுக்காகச் செய்யப்படுவது நின்று, தன் ஆர்வத்துக்காகச் செய்யப்படுவதாக மாறிவிடுகிறது, பில் வண்டிக்காரனுக்கு. யந்திரத்துக்குக் காட்டும் சிரத்தைக்கும் மனுஷனுக்குக் காட்டவேண்டிய சிரத்தைக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கிறது என்பதை அவர் அங்கே தொட்டுவிடுகிறார். ஆனால் சொந்தக் காரைப் பிரிக்கிறவனுக்கு வாடிக்கைக்காரன் கிடையாது, ஆகவே அவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அவன் காலம், அவன் பணம், அவன் கார்.

நான் வங்கிக் குமாஸ்தா. சாயங்காலம் கேஷ் நேராகவேண்டும். கம்ப்யூட்டர் வந்தும் இந்த விதி மாறவில்லை. எண்ணிய நோட்டும் திரையில் உள்ள எண்ணும் உதைத்தால் எழுந்திருக்கமுடியாது. நேரானதும் ஏற்படும் நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. அது உண்மையான நிம்மதி, அதில் பொய் கிடையாது. ஆனால் கணக்கு நேரானது என்பதற்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போயிற்று என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை. அந்தக் கடனை அந்த ஆளுக்குக் கொடுத்திருக்கவேண்டுமா, எந்த விவசாயியின் நகை யார் பேரில் ஏலத்துக்குப் போயிற்று என்பதெல்லாம் நேரான கணக்கில் தெரியாது. கணக்கு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு அந்தக் கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. கியர்பெட்டி தரும் சத்தியம் இந்த வகைச் சத்தியம். பெட்டிக்குள் எல்லாம் நேராக இருக்கிறது. பெட்டிக்கு வெளியே?

காரிலிருந்து வெளியே போவது புகைக்குழாய் வழியாக.

புகைக்குழாய் கியர்பெட்டியைப்போல் கௌரவமான சாமான் அல்ல. எண்ணெயில் மிதக்கும் பற்சக்கரங்களின் அழகு அதற்கு இல்லை. சேறும் உப்பும் கல்லும் பட்டு வெளியே துருப்பிடிக்கிறது. ஆனால் அதைத் தின்பது முக்கியமாக உள்ளிருந்து வரும் துரு. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். சூடான குழாயில் அது ஆவியாகப் போய்விடும். கார் கொட்டகையிலிருந்து கடைத்தெருவரை போய்த் திரும்பிவந்தால், பின்னாலிருக்கும் சைலன்ஸர் சூடேறுவதற்குள் இஞ்சின் நின்றுவிடும். நீர், புகையின் அமிலத்தோடு சேர்ந்து அங்கேயே தேங்கும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகிவிடும். நீண்ட தூரம் ஓடும் காரைவிட, பொத்திப் பொத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கப்படும் காரின் புகைக்குழாய் சீக்கிரம் போய்விடும். பிரியத்தால் அழிகிற சாமான்.

அதைக் கழற்றுவது ஒரு தனி வித்தை. மானிஃபோல்டில் உள்ள ஸ்டட்டுகள் பல வருஷம் வெந்து துருவேறி நட்டோடு ஒரே உலோகமாகிவிட்டிருக்கும். ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே ஊற்றிவைக்கவேண்டும், டார்ச்சால் சூடேற்றவேண்டும், சற்றே இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, பலத்தைக் காட்டாமல் காட்டவேண்டும். முறிந்தால் துளைபோட்டு எடுக்கவேண்டும். பூட்டும்போது பித்தளை நட்டு போடுகிறவன் விவரம் தெரிந்தவன். பித்தளை இரும்பு ஸ்டட்டோடு துருவேறிப் பிடித்துக்கொள்ளாது. அடுத்த தடவை கழற்றப்போகும், இன்னும் யாரென்று தெரியாத ஒரு கைக்கு இன்றே செய்யப்படும் உபகாரம் அது. இந்த அளவுக்குக் கியர்பெட்டியின் ஒழுக்கமே இங்கும் செல்லுபடியாகிறது.

சைலன்ஸருக்கு வந்ததும் விஷயம் மாறுகிறது. ஒரு தகரப் பெட்டி, உள்ளே துளையிட்ட குழாய்கள், தடுப்புகள், சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சு. வெடிப்பின் அலைகள் ஒன்றையொன்று இடித்துக் குலைந்து வெளியே வரும்படி செய்வது அதன் வேலை. 1897இல் அமெரிக்காவில் மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்புறம் மாக்ஸிம் குடும்பத்துக் கதை. தகப்பன் ஹைரம் மாக்ஸிம் யந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். தன் துப்பாக்கியின் சத்தத்திலேயே காது செவிடானவர் என்பார்கள். மகன் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் 1909இல் துப்பாக்கிக்கு சைலன்ஸர் செய்து காப்புரிமை பெற்று, அதே சூத்திரத்தை இஞ்சின்களின் புகைக்குழாய்க்கும் கொண்டுவந்தார். இதை வைத்து ஒரு நாடகமே எழுதலாம். நம்மவர்கள் யாராவது எழுதினால் குறியீட்டைப் போட்டுக் கெடுத்துவிடுவார்கள்.

சைலன்ஸர் இஞ்சினுக்காக உண்டானதில்லை. இஞ்சினைக் கேட்டால் அது வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லும். தடுப்பில்லாத குழாய் அதற்குச் சௌகரியம். ஓட்டுகிறவனுக்கும் சந்தோஷம். ஆர்வக்காரர்களின் கார்களில் ஒலி ஒரு பெரிய விவகாரம். 1989இல் மாஸ்டா கம்பெனி பழைய பிரிட்டிஷ் கார்களை மனதில் வைத்து எம்எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தபோது புகைக்குழாயின் ஒலிக்கு வேண்டுமென்றே சுருதி சேர்த்தார்கள். துருப்பிடித்த சைலன்ஸருக்குப் பதில் புதிது போடும்போது, துருவேறாத உருக்கில், சற்றுப் பெரிய விட்டத்தில், உள்ளே தடுப்பு குறைந்த ஒன்றை மாட்டுவது இந்த வட்டத்தில் சகஜம். அதை அளந்து, வெல்டிங் செய்து, ரப்பர்க் கொக்கிகளில் அதிராமல் தொங்கவிட்டு, ஒரு குறையும் இல்லாமல் முடிக்கிறவன் கியர்பெட்டிக்காகத் திங்கட்கிழமைவரை காத்திருந்த அதே மனுஷன்தான். அதே சிரத்தை, அதே வெட்கம். மர்டாக்கின் பரீட்சையில் இதற்கும் முழு மதிப்பெண் கொடுக்கவேண்டும்: பொருளுக்குக் கீழ்ப்படிந்தான், தன்னை மறந்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு அவன் காரைக் கிளப்பும்போது அடுத்த வீட்டில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து படுத்த நர்ஸ் ஒருத்தி இருக்கலாம். அவள் அந்தப் பரீட்சைத்தாளில் எங்கும் இல்லை.

சத்தத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எம்ஜிபிகளில் 1968முதல் புகையின் நச்சைக் குறைப்பதற்கென்று ஒரு காற்றுப் பம்பைப் பொருத்தினார்கள். புகைத்துவாரத்தில் காற்றை ஊதி, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவியை அங்கேயே எரித்துவிடுவது அதன் காரியம். இஞ்சின் அறையை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பம்பைக் கழற்றி, துவாரங்களைச் சுத்தமாக அடைத்துவிட்டுக் காரைப் 'பழைய லக்ஷணத்துக்கு'க் கொண்டுவருவது பலருக்கு ஒரு புண்ணிய காரியம். பிற்காலத்து ஆர்வக்கார்களில் அதே கதி வினையூக்கி மாற்றிக்கு. அமெரிக்காவில் 1975ஆம் வருஷ மாடல்கள்முதல் பரவலாக வந்த சாமான் அது. அதை வெட்டிவிட்டு நேர்குழாய் போடுகிறார்கள். வெல்டிங் நேர்த்தியாக இருக்கிறது. இஞ்சின் ஒரு ஆட்சேபமும் சொல்வதில்லை; பெரும்பாலும் முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றும். யந்திரத்தின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கமுடியாது.

இதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது, அது அசட்டுப் பதிலல்ல. வருஷத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடாத பழைய காரின் புகை எவ்வளவு? அதைக் குப்பையில் தள்ளிவிட்டுப் புதுக்கார் வாங்கினால், அந்தப் புதுக்காரைச் செய்வதற்கான இரும்புக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு கரி எரிந்திருக்கும்? பழையதைச் செப்பனிட்டு வைத்திருப்பது சிக்கனம். இதில் நியாயம் உண்டு. ஆனால் இது காரை வைத்திருப்பதற்கான நியாயமே தவிர, பம்பைக் கழற்றுவதற்கான நியாயமல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் சந்தேகம் வருகிறது.

இங்கிலாந்தில் 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாறுதல் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபி 1980இல் வெளிவந்தது. ஆக, அங்கே ஓடும் எல்லா எம்ஜிபிகளும் இப்போது இந்த வயசைத் தாண்டியவை. புகைக்குழாய் பொத்தலா, புகை கறுப்பா என்று வருஷாவருஷம் குனிந்து பார்க்க ஆள் இல்லை. நியாயமான வண்டியாக வைத்திருக்கவேண்டிய கடமை சொந்தக்காரனுக்கு இருக்கத்தான் செய்கிறது. பார்க்கிற கண்தான் இல்லை. புகைக்குழாயையும் சட்டம் கியர்பெட்டியைப்போல் மூடி போட்டுக் கையில் கொடுத்துவிட்டது. ஆனால் இரண்டு மூடிகளும் ஒன்றல்ல. கியர்பெட்டியில் ஏமாற்றினால் ஏமாறுவது பெரும்பாலும் நான்தான். எனக்குள் ஒரு வெட்கம் வேலை செய்ய அது போதும். புகைக்குழாயில் ஏமாற்றினால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரே விதிவிலக்கு கார்பன் மோனாக்ஸைட். நிறமில்லாத, வாசனையில்லாத அந்த வாயு மூட்டுப் பொத்தல் வழியாகக் காருக்குள் புகுந்தால், அல்லது கதவை மூடிய கொட்டகையில் நிறைந்தால், முதலில் சாவது செப்பனிட்டவன். அதனால்தானோ என்னவோ, பொத்தலைப் பற்றி இந்த வட்டத்தில் இருக்கும் கவலையில் கால்வாசிகூடச் சத்தத்தைப் பற்றி இல்லை.

இங்கே சென்னைக்கு ஒருமுறை வந்து போகவேண்டியிருக்கிறது, இஞ்சின் அப்படி. எம்ஜிபியில் இருப்பது பிஎம்சி கம்பெனியின் பி-ஸீரீஸ் இஞ்சின், 1798 ஸிஸி. அதற்கு முந்தைய எம்ஜிஏ கார் 1955இல் வந்தபோது அதே குடும்பத்து 1489 ஸிஸி இஞ்சின். அந்த 1489தான் நம் அம்பாஸடரிலும் பல வருஷம் ஓடியது. அங்கே இளைஞனின் உல்லாசக் கார், இங்கே கலெக்டரின் கார், அப்புறம் டாக்ஸி. உத்தரப்பாராவில் 2014இல் உற்பத்தி நின்றதுவரை, நின்ற பிறகும், புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றப்பட்ட சாமான்களைக் கொண்டே அம்பாஸடர்கள் உயிர்வாழ்ந்தன. சைலன்ஸர் பொத்தலுக்கு டால்டா டப்பாத் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டிவிட்டால் இன்னும் ஆறு மாசம். கியர் எகிறினால் பழைய பெட்டி ஒன்றிலிருந்து சக்கரம். வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளக்க நேரமில்லை. டாக்ஸிக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அன்றைய வாடகை போகிறது.

இதை எழுதினால் இரண்டு பக்கமிருந்தும் தாக்குவார்கள். இதுதான் உண்மையான உழைப்பு, வெள்ளைக்காரன் செய்வது பொழுதுபோக்கு என்று ஒரு கோஷ்டி. இது சிரத்தையற்ற ஒப்பேற்றல், அது கலை என்று இன்னொரு கோஷ்டி. இரண்டும் எனக்கு உதவவில்லை. பட்டறைப் பையனுக்கு அந்தக் கியர்பெட்டி எந்த ஆன்ம விசாரத்தையும் தந்ததாகத் தெரியவில்லை. பழைய கிளட்ச் தகட்டில் இருந்த கல்நார்த் தூசியைத் தந்திருக்கலாம். பிரிட்டன் கல்நாரை 1999இல் முழுக்கத் தடை செய்தது. கொட்டகைக்காரன் இன்று முகமூடி போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துப் பெட்டியைத் திறக்கிறான். பட்டறையில் ஊதித் தள்ளுவதுதான் வழக்கம். ஆனால் ஒன்று. அந்தத் தகரக் கட்டு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பட்டறைக்காரனின் வேலைக்குள் இன்னொருவனின் அவசரம், கடன், வாடகை எல்லாம் வந்து விழுந்துகொண்டே இருந்தது. அது வேலையைக் கெடுத்தது. அதோடு, வேலை தனக்காக மட்டும் செய்யப்படுவதல்ல என்பதை மறக்க விடவுமில்லை. ஆர்வக்காரனின் கொட்டகையில் இந்த இடைஞ்சல் இல்லை. வேலை அங்கே அவ்வளவு சுத்தமாக நடப்பதற்கும், அந்தச் சுத்தம் காரின் வால்பக்கத்தோடு நின்றுவிடுவதற்கும் காரணம் ஒன்றேதானோ என்பதுதான் என் சந்தேகம்.

பிர்ஸிக்கின் நூலில் ஒரு கட்டம் உண்டு. நண்பனின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் கைப்பிடி தளர்ந்துபோகிறது. பீர் டப்பாத் தகட்டை வெட்டிச் சொருகினால் சரியாகிவிடும் என்று கதைசொல்லி சொல்கிறான். நண்பனுக்கு அது அவமானமாகப் படுகிறது. நூல் கதைசொல்லியின் பக்கம். நாமும் எப்போதும் அவன் பக்கமே நின்று படித்துவந்திருக்கிறோம். தகடு தகடாக என்ன வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரிகிறது, வாஸ்தவம். பக்கத்தில் நிற்கும் மனுஷனின் முகம் ஏன் சுருங்கியது என்று கண்டுபிடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடிக்கிறது. கண்டுபிடித்ததும் அதையும் ஒரு சித்தாந்தமாக்கிவிடுகிறான்.

புகைக்குழாய் பூட்டி முடித்ததும் கடைசியாக ஒரு சோதனை உண்டு. கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்து, காரைக் கிளப்பி, இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது தடித்த துணியைப் பந்தாகச் சுருட்டி வால்குழாயின் வாயில் அழுத்திப் பிடிக்கவேண்டும். அழுத்தம் ஏறும். மூட்டுகளில் எங்காவது பொத்தல் இருந்தால் அங்கே சீறல் கேட்கும். இருக்கும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். எல்லா மூட்டும் சரியாக இருந்தால் கை தள்ளப்படும், இஞ்சின் திணறும், சில சமயம் நின்றுவிடும். அந்தச் சில விநாடிகள் குழாய் முழு மௌனமாக இருக்கிறது. அவன் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து, மூட்டுக்கு மூட்டாகக் கேட்டுக்கொண்டு வருகிறான். பிறகு துணியை எடுத்துவிடுகிறான்.